செர்ட்ராலின்: தொந்தரவு முதலில், பலன் பிறகு

கேள்வி இதுதான்: மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு மருத்துவர் செர்ட்ராலின் 50 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து நாள் சாப்பிட்டாயிற்று. குமட்டலும் தூக்கக் கெடுதலும் வந்ததுதான் மிச்சம், மனசு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது, எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும், பழக்கமாகிவிடுமா, இப்போதே நிறுத்திவிடலாமா?

தொந்தரவு தாங்கக்கூடிய அளவில் இருந்தால் நிறுத்த வேண்டாம். பத்தாவது நாளில் இந்த மருந்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. செர்ட்ராலினைப் பாதியில் விடுகிறவர்கள் பொதுவாக இரண்டு இடங்களில் விடுகிறார்கள். பக்கவிளைவு தெரிந்து பலன் தெரியாத முதல் இரண்டு வாரம் ஒன்று. நன்றாகிவிட்டது என்று தோன்றும் மூன்றாவது, நான்காவது மாதம் இன்னொன்று. மருந்து எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்பது தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம். அந்த வேகம் புரிய வேண்டுமென்றால் மாத்திரை எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும்.

செரட்டோனின் என்பது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் உடலே தயாரிக்கும் வேதிப்பொருள். மூளைத்தண்டின் நடுவில் ராஃபே எனப்படும் சிறு செல் கூட்டங்கள் இருக்கின்றன. மூளைக்கு வேண்டிய செரட்டோனினைச் சுரக்கும் நரம்பு செல்களின் இருப்பிடம் அதுதான். அங்கிருந்து அவற்றின் இழைகள் மூளை முழுக்கப் பரவுகின்றன. செல் தூண்டப்படும்போது இழையின் நுனி செரட்டோனினை வெளியே விடுகிறது. அது மிகக் குறுகலான ஓர் இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லின் ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. வேலை முடிந்ததும், வெளியே விட்ட செல்லே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் புரதத்துக்கு செரட்டோனின் கடத்தி என்று பெயர். செர்ட்ராலின் உட்காருவது இந்தக் கடத்தியின் நடுவில் இருக்கும் குழியில். செரட்டோனின் வந்து பொருந்த வேண்டிய இடத்தை மருந்து பிடித்துக்கொள்வதால் உள்ளிழுப்பு தடைபடுகிறது, செரட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது. ஃபுளுவாக்ஸிடின், பராக்ஸிடின், எஸ்சிட்டாலோப்ராம் எல்லாமே இந்த வேலையைச் செய்கிறவைதான். எஸ்எஸ்ஆர்ஐ என்று சொல்வது இந்தக் குடும்பத்தை. செர்ட்ராலினை உருவாக்கியது ஃபைசர் நிறுவனம். அமெரிக்காவில் 1991 டிசம்பரில் ஸோலாஃப்ட் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. இன்று பல நிறுவனங்கள் பல பெயர்களில் தயாரிக்கின்றன, உள்ளே இருப்பது ஒன்றே.

மாத்திரையை விழுங்கிய 4 முதல் 8 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. கடத்தியை அடைப்பதும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. அப்படியானால் மனம் தெளிய ஏன் வாரக்கணக்கில் ஆகிறது? ராஃபே செல்களின் மேலேயே 5எச்டி1ஏ என்ற ஏற்பிகள் இருக்கின்றன. அவை பிரேக் மாதிரி: சுற்றிலும் செரட்டோனின் கூடினால் செல்லின் வேகத்தைக் குறைத்துவிடும். மருந்து தொடங்கிய முதல் நாட்களில் செல்லைச் சுற்றி செரட்டோனின் கூடுகிறது, பிரேக் விழுகிறது, செல் குறைவாகச் சுரக்கிறது. ஆக, கடத்தியை அடைத்ததால் வந்த லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து மருந்து இருந்தால் அந்த ஏற்பிகளின் கூருணர்வு மங்குகிறது. செல் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது, கடத்தியோ இன்னும் அடைபட்டே இருக்கிறது. செரட்டோனின் செய்தி உண்மையில் வலுப்படுவது அப்போதுதான். அதற்குப் பின்னால் நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகளை வளர்க்கும் புரதங்கள் கூடுவது போன்ற இன்னும் மெதுவான மாற்றங்கள் வருகின்றன.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஹார்மரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வுகளில், மனநிலை மாறுவதற்கு முன்பே, மருந்து எடுப்பவர்கள் அடுத்தவர் முகத்தில் கோபத்தையும் வெறுப்பையும் மட்டுமே கவனிக்கும் சாய்வு குறைவது தெரிந்தது. அந்தச் சாய்வு குறைந்த மனம் நாலு மனிதர்களோடு பழகி, நாலு வேலை செய்து பார்க்கும்போதுதான் பலன் சேர்கிறது. மருந்தோடு கூட உளவியல் சிகிச்சையும், வெளியே நடமாடுவதும், பாதியில் விட்ட வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்குவதும் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். “மூளையில் செரட்டோனின் குறைந்ததால் மனச்சோர்வு வந்தது, மாத்திரை அதை நிரப்புகிறது” என்ற விளக்கம் பலகாலம் சொல்லப்பட்டது. அது உறுதிப்படவில்லை. 2022ல் வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வும், மனச்சோர்வுக்கு செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. இதை வைத்துக்கொண்டு மருந்தே பொய் என்று சொல்வது தவறு. நோய் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி, மருந்து பலன் தருகிறதா என்பது வேறு கேள்வி. 2018ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஒப்பீடு, 522 பரிசோதனைகளையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் எடுத்துக்கொண்டு 21 மருந்துகளை அலசியது. வெற்று மாத்திரையைவிட அத்தனையும் மேல் என்று வந்தது. சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் மிதமானதுதான். சிலருக்கு வாழ்க்கையையே திருப்பித் தருகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. முதல் மருந்திலேயே முழுக்கக் குணம் காண்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். முதல் மருந்து பலிக்கவில்லை என்றால் உங்களிடம் கோளாறு என்று அர்த்தமில்லை, அடுத்ததைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

அளவுக்கு வருவோம். மனச்சோர்வுக்கும், எண்ணச் சுழற்சி நோயான ஓசிடிக்கும் பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்கம் நாளுக்கு 50 மி.கி. திடீர்ப் பீதித் தாக்கம், விபத்து அல்லது வன்முறைக்குப் பிந்தைய மன அதிர்ச்சி, கூட்டத்தைக் கண்டால் வரும் சமூகப் பதற்றம் இவற்றுக்கு 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 50 ஆக்குவார்கள். பதற்றம் உள்ளவர்களுக்கு முதல் வாரத்தில் பதற்றம் இன்னும் கூடக்கூடும் என்பதால்தான் இந்த நிதானம். உங்களைப் போல இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்கும் பல மருத்துவர்கள் 25லேயே தொடங்குகிறார்கள். உச்ச அளவு 200 மி.கி. கூட்டுவதானால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி வேண்டும், ஏனென்றால் இரத்தத்தில் மருந்தின் அளவு நிலைப்படவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நடைமுறையில் இரண்டு முதல் நான்கு வாரம் பார்த்துவிட்டுக் கூட்டுவதுதான் நல்லது.

50 மி.கி. குறைவான அளவு என்று நினைக்க வேண்டாம். மூளையைப் படமெடுத்துப் பார்க்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகளில், செர்ட்ராலின் 50 மி.கி.யிலேயே மூளையின் செரட்டோனின் கடத்திகளில் சுமார் 80 சதவீதம் அடைபட்டிருப்பது தெரிந்தது. 100 மி.கி. ஆக்கினால் அது இரட்டிப்பாகாது, சில சதவீதம்தான் ஏறும். அதனால் பலருக்கு 50 போதும். ஆனால் ஒரே 50 மி.கி. இரண்டு பேர் உடலில் வெவ்வேறு இரத்த அளவைத் தரும். கல்லீரலில் இந்த மருந்தை உடைக்கும் சிவைபி2சி19 போன்ற நொதிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஓசிடிக்குப் பொதுவாகவே கூடுதல் அளவும் கூடுதல் காலமும் வேண்டும். 150, 200 மி.கி.யில் 8 முதல் 12 வாரம் பார்த்த பிறகுதான் அங்கே முடிவுக்கு வருவார்கள்.

எடுக்கும் முறை எளிது. நாளுக்கு ஒரு தடவை, தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில். தூக்கம் கெட்டால் காலையில் எடுங்கள், தூக்கம் வந்தால் இரவுக்கு மாற்றுங்கள். உணவோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். குமட்டல் இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பின் எடுப்பதே மேல். மாத்திரையை மெல்ல வேண்டாம். உடைத்த பகுதி நாக்கில் பட்டால் கசக்கும், நாக்கு சற்று மரத்தும் போகும். பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீரோடு விழுங்கிவிடுங்கள். ஒரு வேளை மறந்தால் அதே நாளில் நினைவு வந்ததும் எடுங்கள். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்து எடுக்கக் கூடாது. முதல் சில நாள் தலைசுற்றலோ மந்தமோ இருந்தால் வண்டி ஓட்ட வேண்டாம். மதுவை இந்தக் காலத்தில் தவிர்ப்பதே சரி. மது மனச்சோர்வைத் தானே கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும், மருந்து பலிக்கிறதா என்று பார்க்கவே விடாது.

முதல் இரண்டு வாரத்துத் தொந்தரவுகளின் காரணம் தெரிந்தால் தாங்குவது எளிதாகும். உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அங்கேயும் அதே கடத்தி இருக்கிறது, மருந்து அதையும் அடைக்கிறது. கூடிய செரட்டோனின் குடலை வேகமாக அசைக்கிறது, அதனால் வயிறு இளகிப் போகிறது. இந்தக் குடும்பத்து மருந்துகளில் செர்ட்ராலினுக்கு இது சற்று அதிகம். அதே செரட்டோனின் 5எச்டி3 ஏற்பியைத் தூண்டுவதால் குமட்டல். வாந்திக்குத் தரும் ஆண்டான்செட்ரான் தடுப்பது இந்த ஏற்பியைத்தான். குடல் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும், பெரும்பாலும் குமட்டல் தானாக அடங்கும். தலைவலி, வாய் உலர்தல், கை நடுக்கம், வியர்வை, தெளிவான கனவுகள், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது இவையும் வரலாம். பல் கடிப்பதைப் பலர் மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. காலையில் தாடை வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பத்தாவது நாளில் இருக்கும் உங்களுக்கு அடுத்து வரவேண்டியது இது. இரண்டாவது வார முடிவில் வயிறு சரியாகும். மூன்று, நான்காவது வாரத்தில் எரிச்சல், படபடப்பு, எதற்கெடுத்தாலும் கவலை இவை தணியத் தொடங்கும். பொதுவாக இதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான். பிரிட்டனில் நடந்து 2019ல் வெளியான பாண்டா ஆய்வு செர்ட்ராலினை இப்படித்தான் காட்டியது: ஆறாவது வாரத்தில் பதற்றத்தில் தெளிவான முன்னேற்றம், சோர்வு அறிகுறிகளில் அப்போது வித்தியாசம் தெரியவில்லை, பன்னிரண்டாவது வாரத்தில்தான் சிறிதளவு தெரிந்தது. “மருந்து ஒன்றும் செய்யவில்லை” என்று ஆறாவது வாரத்தில் சொல்கிற ஒருவரிடம், “முன்பு மாதிரி பயப்படுகிறீர்களா?” என்று கேட்டால் பதில் வேறாக இருக்கலாம். அதனால் முதல் நாளே மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; இதுவரை நிரப்பவில்லை என்றால் இன்றே நிரப்புங்கள். மொத்தம் 27 மதிப்பெண். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி நிரப்புங்கள். பாதியாகக் குறைந்தால் மருந்து பலிக்கிறது, 5க்குக் கீழே போனால் நோய் அடங்கியிருக்கிறது. நினைவை நம்பினால் நேற்று எப்படி இருந்ததோ அதுதான் போன மாதமும் என்று தோன்றும், மனச்சோர்வின் சுபாவம் அது.

நான்கு வாரம் ஒழுங்காக எடுத்தும் இம்மியும் மாற்றம் இல்லை என்றால் அளவைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டிய நேரம். கொஞ்சம் மாற்றம் இருந்தால் இன்னும் இரண்டு நான்கு வாரம் பொறுக்கலாம். போதுமான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் ஆகியும் பலிக்காவிட்டால் வேறு மருந்துக்கு மாறுவதோ இன்னொன்றைச் சேர்ப்பதோ மருத்துவர் முடிவு. அதற்கு முன்னால் அவர் சில விஷயங்களைத் தோண்டிப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்: மாத்திரை தினமும் உள்ளே போகிறதா, தைராய்டு சரியா, மது உண்டா, எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுகடந்த உற்சாகத்தோடு நாட்கணக்கில் இருந்ததுண்டா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். சோர்வும் அளவுகடந்த உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அது அவரை எதிர்த்துருவத்துக்குத் தள்ளிவிடலாம். தூக்கம் தேவையில்லை, பேச்சு நிற்கவில்லை, பணம் தண்ணீராகச் செலவாகிறது என்ற நிலை வந்தால் அதைக் குணம் என்று எண்ணிக் கொண்டாட வேண்டாம், மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறி இன்னொன்றும் உண்டு. மருந்து தொடங்கிய, அளவு மாற்றிய முதல் வாரங்களில் சிலருக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும்; கால் நிற்காது, உள்ளே ஏதோ துரத்துவது போல் இருக்கும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்தக் கட்டத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004ல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இதற்காகக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை வைத்தது, 2007ல் அதை 24 வயது வரை நீட்டியது. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான ஆய்வுகளில், மருந்து எடுத்த இளையவர்களில் சுமார் 4 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்கும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ இருந்தது. தற்கொலை மரணம் ஒன்றும் நிகழவில்லை. இதைச் சொல்வது மருந்தைக் கண்டு ஓடுவதற்கு அல்ல, சிகிச்சை இல்லாத மனச்சோர்வின் ஆபத்து மிகப் பெரிது. முதல் மாதம் வீட்டில் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், மருத்துவரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ வலுத்தாலோ அடுத்த தேதி வரை பொறுக்காதீர்கள். அன்றே மருத்துவரை அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

இரத்தத் தட்டணுக்களும் இதே கடத்தியால்தான் செரட்டோனினைச் சேமிக்கின்றன. மருந்து அதை அடைக்கும்போது தட்டணுக்களில் செரட்டோனின் இருப்பு வற்றுகிறது, இரத்தம் உறையும் திறன் சற்றுக் குறைகிறது. மருந்து தனியாக இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், ஆஸ்பிரின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இவற்றோடு சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு ஏறுகிறது. தலைவலிக்கு, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் எடுங்கள். மலம் தார் போல் கறுத்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, இரைப்பையைக் காக்கும் மருந்து சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

வயதானவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இரத்தத்தில் சோடியம் இறங்கலாம். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், மெலிந்தவர்கள், பெண்கள் இவர்களுக்கு ஆபத்து கூடுதல். சோடியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். குறையும்போது தலைவலி, தள்ளாட்டம், குழப்பம், மறதி, சாப்பாட்டில் வெறுப்பு என்று வரும். வயதாகிவிட்டது, மனச்சோர்வு முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், சில சமயம் மருந்தின் அளவைக்கூடக் கூட்டிவிடுவார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் இரண்டாவது, நான்காவது வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். சின்னச் சோதனை, பெரிய விழுகையைத் தடுக்கும்.

பேசக் கூச்சப்படுவதாலேயே மருந்து நின்றுபோகும் பக்கவிளைவு ஒன்று இருக்கிறது. உடலுறவில் நாட்டம் குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது எட்டாமலே போவது. ஆண் பெண் இருவருக்கும் வரும், மற்ற தொந்தரவுகள் போல இரண்டு வாரத்தில் போய்விடாது. மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அளவைக் குறைப்பது, பியூப்ரோப்பியான் சேர்ப்பது, மிர்ட்டசபின் போன்ற வேறு மருந்துக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இது நீடித்ததாகப் பதிவுகள் இருப்பதால், 2019ல் ஐரோப்பிய மருந்து முகமை அதை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. அடுத்து, துக்கம் குறைந்ததோடு சந்தோஷமும் மரத்துப்போனது போன்ற உணர்வு. அது நோயின் மிச்சமாகவும் இருக்கலாம், மருந்தின் அளவு கூடியதாகவும் இருக்கலாம். எது என்று பார்த்துத்தான் அடுத்த அடி.

சேரக் கூடாத மருந்துகள் என்று வரும்போது, செரட்டோனினை உடைக்கும் நொதியைத் தடுக்கும் பழைய மனச்சோர்வு மருந்துகளான எம்ஏஓ தடுப்பிகள் முதலிடம். அவற்றுக்கும் செர்ட்ராலினுக்கும் நடுவில் 14 நாள் இடைவெளி வேண்டும், எதிலிருந்து எதற்கு மாறினாலும் சரி. லினசோலிட் ஓர் ஆண்டிபயாட்டிக். அதற்கு அந்தக் குணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அறுவை சிகிச்சையில் சில சமயம் ஊசியாகப் போடும் மெத்திலீன் நீலமும் அப்படியே. பிமோசைடு என்ற மனநோய் மருந்து கூடவே கூடாது. டிராமடால் என்ற வலி மருந்து, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் சிரப், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்கள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இவற்றை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்காமல் சேர்க்காதீர்கள். செரட்டோனின் அளவுமீறினால் சில மணி நேரத்துக்குள், பொதுவாக ஒரு நாளுக்குள், அறிகுறி தெரியும்: கொட்டும் வியர்வை, பதைபதைப்பு, நடுக்கம், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முக்கியமாகக் கால் தசைகளின் துடிப்பு. பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் கணுக்கால் தானாக வெட்டி வெட்டி ஆடும். மருத்துவர் தேடுவது அதைத்தான். வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமல்ல, அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் செர்ட்ராலின் சில சமயம் தூக்க மாத்திரை வகையான பென்சோடயசபின் எடுத்ததாகப் பொய்யாகக் காட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்கான பரிசோதனை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கர்ப்பம் தரித்தவர்களும் தரிக்க நினைப்பவர்களும் தாங்களாக நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. இந்தக் குடும்பத்தில் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவது செர்ட்ராலின். தாய்ப்பாலில் கலப்பது மிகக் குறைவு. பிரசவத்தை ஒட்டி எடுத்தால் குழந்தைக்குச் சில நாள் நடுக்கம், அழுகை, பால் குடிக்கத் திணறல் வரலாம் என்பதால் கூடக் கவனிப்பார்கள். முடிவை மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து எடுக்கட்டும்.

எவ்வளவு காலம்? மனச்சோர்வு முதல் முறை என்றால், முழுக்கக் குணமான நாளிலிருந்து கணக்கிட்டு ஆறு முதல் ஒன்பது மாதம், குணமாக்கிய அதே அளவில். மறுபடி மறுபடி வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ. நன்றாக உணர்கிறபோது மாத்திரை வீண் என்று தோன்றுவது இயல்பு. 2021ல் வெளியான ஆண்ட்லர் ஆய்வு, நீண்ட காலம் மருந்து எடுத்து நிறுத்தலாம் என்ற அளவுக்குத் தேறியவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஓர் ஆண்டில், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. இதை இரண்டு பக்கமும் படிக்கலாம்: தொடர்வது காக்கிறது, நிறுத்திய பத்தில் நான்கு பேருக்கு மேல் ஓர் ஆண்டு நன்றாகவும் இருந்திருக்கிறார்கள். எப்போதும் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் விடலாம் என்பதும் இல்லை.

பழக்கமாகிவிடுமா என்பதற்கு நேர் பதில்: மதுவோ கஞ்சாவோ போல ஏங்க வைக்காது, போதை தராது, நாளாக நாளாக அளவைக் கூட்டச் சொல்லி உடல் கேட்காது. ஆனால் உடல் அதற்கு ஒத்துப்போய்விடும், திடீரென்று நிறுத்தினால் எதிர்ப்புக் காட்டும். செர்ட்ராலின் இரத்தத்தில் பாதியாக 26 மணி நேரம்தான் ஆகிறது. நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், காரணமில்லாத அழுகை, கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் சுண்டியது போன்ற அதிர்வு எல்லாம் வரலாம். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். இதை நோய் திரும்பியதாக நினைத்துக் குழம்புவது சகஜம். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நிறுத்திய சில நாளுக்குள் வந்தது, தலைசுற்றல், மின்சார அதிர்வு போன்ற உடல் அறிகுறிகளோடு வந்தது, மாத்திரையைத் திரும்ப எடுத்த ஓரிரு நாளில் மறைந்தது என்றால் அது நிறுத்தியதால் வந்தது. நோய் திரும்புவது மெதுவாக, வாரங்கள் கழித்து, பழைய முகத்தோடு வரும்.

குறைக்கும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது தவறான வழி. 48 மணி நேரத்தில் இரத்தத்தில் மிஞ்சுவது கால் பங்கை விடச் சற்றே அதிகம். ஒவ்வொரு இரண்டு நாளும் ஒரு குட்டி நிறுத்தம் நடக்கும். தினமும் எடுத்து, அளவைக் குறைக்க வேண்டும். 100 எடுப்பவர் 75, 50, 25, 12.5 என்று, படிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வைத்து இறங்கலாம். ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்கு இன்னும் நிதானம் தேவை. மேலே சொன்ன 80 சதவீதக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். 100லிருந்து 50க்கு வரும்போது மூளையில் அடைப்பு சொற்பமே குறைகிறது, 25லிருந்து பூஜ்யத்துக்குப் போகும்போதுதான் மொத்தமாகச் சரிகிறது. அதனால்தான் முதல் பாதி சுலபமாகப் போய், கடைசி அரை மாத்திரையில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். இறங்க இறங்கப் படிகள் சிறிதாக வேண்டும். 25 மி.கி. மாத்திரையின் நடுவில் கோடு இருந்தால் உடைத்து 12.5 ஆக்கலாம். அதற்கும் கீழே போக, சில நாடுகளில் ஒரு மில்லிலிட்டரில் 20 மி.கி. உள்ள திரவம் கிடைக்கிறது. அதை அப்படியே குடிக்கக் கூடாது. சொட்டுக்குழாயில் அளந்து எடுத்து, 120 மி.லி. தண்ணீரிலோ எலுமிச்சைப் பானத்திலோ ஆரஞ்சுச் சாற்றிலோ கலந்து உடனே குடிக்க வேண்டும். லேசாகக் கலங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. அதில் 12 சதவீதம் ஆல்கஹால் இருப்பதால் மதுவை விடத் தரும் டைசல்ஃபிராம் எடுப்பவர்களுக்கு ஆகாது. ஒரு படியில் தாங்க முடியாத தொந்தரவு வந்தால் முந்தைய அளவுக்கே திரும்பி, சில வாரம் அங்கேயே நின்று, பிறகு அதைவிடச் சிறிய படியாக எடுத்து வையுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஆறு மாதம் வரை அந்த ஒன்பது கேள்விப் படிவத்தை மாதம் ஒரு முறை நிரப்பிக்கொண்டே வாருங்கள். மதிப்பெண் 10ஐத் தாண்டினால் அறிகுறி முற்றும் வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.